அக்காவின் சுருக்கெழுத்து நோட்டு

இருபத்தாறு வருடங்களில் அக்கா கையிலிருந்து ஒரு சண்டைகூட வெளியே போனதில்லை. பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு கூடும் அறையில் என்னென்னவோ நடக்கும். பெரிய படிப்புப் படித்தவர்கள் மேசையைத் தட்டுவார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வேண்டுமென்றே செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுவார். ஒருமுறை ஒருவர் தண்ணீர்க் குவளையை நகர்த்துகிற சாக்கில் எதிராளி மடியில் கவிழ்த்தேவிட்டார். அக்கா மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் பிடித்துக்கொள்வாள். மறுநாள் குறிப்பு தட்டச்சாகி வரும்போது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. ‘உறுப்பினர்கள் கருத்துப் பரிமாறிக்கொண்டனர். விரிவான விவாதத்திற்குப் பின் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று இருக்கும்.

எனக்கு அவளுக்கு அடுத்த மேசை. அலுவலக முத்திரைகள் எல்லாம் என் பொறுப்பு. அதனால் எனக்கு சீலு என்று பெயர், வைத்தவள் அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. அக்கா எங்கள் பிரிவில் எல்லாருக்கும் அக்கா. பதிவாளரே ஒருநாள் வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“'கருத்துப் பரிமாறிக்கொண்டனர்'னா திட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம்” என்று நான் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தாள். “'விளக்கம் கோரினார்'னா நாற்காலியத் தள்ளிட்டு எழுந்துட்டாரு. 'விரிவான விவாதம்'னா சட்டையப் பிடிக்கிறது ஒண்ணுதான் பாக்கி.”

“ஏங்க்கா, அப்படியே எழுதினா என்ன?”

“எழுதினா நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க வேணாமா? நாம துடைச்சு விட்டாத்தான் இந்தக் கட்டடம் நிக்கும்.”

நான் நம்பினேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவள் சுருக்கெழுத்து எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கிற சுருக்கெழுத்து அல்ல. கற்றுக்கொண்டது ஒன்று, வருடக்கணக்கில் அவளாகச் சேர்த்துக்கொண்டது ஒன்பது. பதிவாளருக்கு ஒரு கொக்கி. குரல் உயர்ந்தால் அடியில் இரண்டு கோடு. யாராவது நன்றாகப் பேசிவிட்டால் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். எனக்குக்கூட ஒரு குறி வைத்திருந்தாள், முத்திரைக் கட்டை மாதிரி ஒரு சதுரம். “நீ எங்க கூட்டத்துல வாயத் திறக்கப் போற. இருந்தாலும் இருக்கட்டும்” என்று சிரித்தாள். அவளுக்குக் கண் அறுவை நடந்த வருடம் ஆறு மாதம் நான்தான் அந்த நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். “என் கிறுக்கலைப் படிக்கிற ஒரே ஜென்மம் நீதாண்டி” என்பாள். அந்த ஆறு மாதத்தில் நான் பார்த்தது இரண்டே வட்டம்.

குறிப்பு அடுத்த கூட்டத்தில் உறுதியானதும் நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். விதியில் இருந்ததோ இல்லையோ, வழக்கத்தில் இருந்தது.

அக்காவுக்கு ஒரு தம்பி. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபத்தொன்று. அந்த வருடம்தான் வேலைக்கு வந்தாள். அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு, பெரியவர்களிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசச் சொல்லி வளர்த்தாள். கையைக் கட்டிக்கொள்வான். வாயைக் கட்ட அவளால் முடியவில்லை. கணக்கில் பெரிய படிப்பு முடித்து எங்கள் பல்கலைக்கழகத்துக்கே ஆசிரியனாக வந்து சேர்ந்தான். கல்விக்குழுவில் இளைய ஆசிரியர்களுக்கு என்று ஓர் இடம் உண்டு, யாரும் விரும்பாத இடம். அதற்கும் இவனே நின்றான், போட்டியே இல்லை. அவனும், நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் அவன் மனைவியும், அக்காவும் ஊழியர் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். அதே மாடியில் எதிர்வீடு எனக்கு.

அந்தக் கூட்டம் காற்றுக் காலத்தில் நடந்தது. ஜன்னல்களைச் சாத்தினாலும் எங்கிருந்தோ காற்று வந்து தாள்களைக் கிளப்பும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் முன்னால் ஒரு கூழாங்கல் வைத்தது நான்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டுக் கதவோரம் நின்றேன். அதனால்தான் சொல்கிறேன், நடந்தது எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். தேர்வு விடைத்தாள் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவது வழக்கம். இனி ஒருவர் திருத்தினால் போதும், முடிவுகள் சீக்கிரம் வரும் என்று பதிவாளர் தீர்மானம் வாசித்தார். வேதியியல் துறை மேடம் எழுந்து ஆதரித்தாள். கறார் மேடம் என்று அவளுக்குப் பெயர். முடிவு தாமதமாவதால் பிள்ளைகள் வேலையை இழக்கிறார்கள் என்று வருடம், எண்ணிக்கை எல்லாம் சொன்னாள். மற்றவர்கள் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்போது தம்பி எழுந்தான்.

“மேடம் சொல்றதுல பாதி சரி. லேட்டாகுதுன்னா திருத்துற ஆளக் கூட்டுங்க. திருத்துறதக் குறைக்காதீங்க. போன வருஷத் தாள எடுத்து நான் பாத்தேன். நூறு தாள்ல பதினொண்ணுல ரெண்டு பேர் போட்ட மார்க்கும் பத்துக்கு மேல வித்தியாசப்படுது. அந்தப் பதினொரு பிள்ளைங்க இனிமே யார்கிட்ட போகும்?”

“மறுமதிப்பீடு கேக்கட்டும்” என்றாள் மேடம்.

“அது வர எட்டு மாசம் ஆகுது மேடம்.”

“அப்ப எட்டு மாசத்தக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டு வாங்க. முதல் கை நான் தூக்குறேன். அதுக்காக இத நிறுத்தாதீங்க.”

“இத நிறுத்தத்தான் எழுந்திருக்கேன்.”

“நீங்க சொல்றது தப்பு தம்பி. ஆனா தெளிவா சொல்றீங்க.”

இரண்டு பேரும் கால் மணி நேரம் அப்படியே போனார்கள். மேடத்தின் குரலும் ஏறியது, இவன் குரலும் ஏறியது. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. கடைசியில் பதிவாளர் இரண்டு கையையும் விரித்தார்.

“நாம எல்லாம் ஒரே குடும்பம். எதுக்கு இவ்வளவு சூடு? ஒருமனதாப் போயிடலாமே.”

“ஒருமனதா இல்ல சார்” என்றான் தம்பி. “எனக்குச் சம்மதம் இல்ல. சம்மதம் இல்லாதவங்க இன்னும் அஞ்சாறு பேர் இருக்காங்க, வராண்டாவுல எங்கிட்ட சொன்னாங்க. உள்ள வந்ததும் பேப்பர் பறந்துடுமோன்னு பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என் எதிர்ப்பப் பதிவு பண்ணுங்க.”

“பதிவு பண்ணிடுவோம்” என்று பதிவாளர் சிரித்தார். சிரித்தபடியே அக்கா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அக்கா பேனா நிற்கவில்லை.

மறுநாள் அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ‘ஒருமனதாக’ என்று இருந்தது.

“அக்கா, தம்பி பேசினது?”

“அவன் வேலை நிரந்தரமாக இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுல கையெழுத்துப் போடப் போறது யாரு? அந்த ரூம்ல இருந்தவங்கதான். வாய விட்டுட்டான். நான் துடைச்சு விடுறேன்.”

“பதிவு பண்ணச் சொன்னானே.”

“சின்ன வயசுல வீட்ட விட்டு ஓடிப் போறேன்னு கூடத்தான் சொல்லுவான். பையை எடுத்துக் குடுத்தேனா?”

நான் சிரித்துவிட்டேன். தாளை நீட்டினாள், முத்திரை குத்தினேன்.

அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல் ‘சென்ற கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது’ என்று பதிவாளர் சொன்னார். யாரும் வாசிப்பதில்லை, வாசித்ததாகக் கொள்வதோடு சரி. தாள் சுற்றுக்குப் போனது. மேடத்துக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது, நின்றபடி கையெழுத்துப் போட்டாள். தம்பியிடம் வந்தபோது அவன் பக்கத்திலிருந்தவரிடம், “எங்கக்கா அடிச்சது. இதுல படிக்க என்ன இருக்கு” என்று சொல்லிப் போட்டான். அவன் அதைச் சொன்னபோது அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு முடிவு சீக்கிரம் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு பாடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தோற்றிருந்தார்கள். அத்தனை பேர் தாளையும் ஒரே ஆள் நாலு நாளில் திருத்தியிருந்தார். பிள்ளைகள் வந்து நிர்வாகக் கட்டடத்தின் படிகளில் உட்கார்ந்தார்கள். கோஷம்கூடப் போடவில்லை. யார் எடுத்த முடிவு இது என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டார்கள். எல்லாரும் நடையை எட்டிப் போட்டார்கள். தம்பி மட்டும் நின்றான்.

“கல்விக்குழு எடுத்தது. நான் அங்கயே எதிர்த்தேன். குறிப்புல இருக்கு, கேட்டு வாங்கிப் பாருங்க.”

அவர்கள் எழுதிக் கேட்டார்கள். நகல் கொடுப்பது என் வேலை. அன்றைக்கென்று அக்கா பல் வலி என்று விடுப்பு. ‘உண்மை நகல்’ என்ற முத்திரையை மையில் ஒற்றி எடுத்தேன். குத்தாமல் இருந்திருக்கலாம், தம்பியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவன் படி இறங்கியபோது ஒரு பெண் பிள்ளை அந்தத் தாளை நீட்டியது.

“சார், இது உங்க கையெழுத்துதானே?”

அவன் வாசித்தான். இரண்டாம் முறையும் வாசித்தான். “ஆமா” என்றான்.

“நீங்களாவது உண்மை சொல்றீங்கன்னு நெனச்சோம் சார்.”

அவ்வளவுதான். அவன் போவதற்குக் காலை மடக்கி வழி விட்டார்கள். அதை விடச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

அவன் வீட்டுக்குள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றாமல் வந்து தாளை அக்கா மடியில் வைத்தான்.

“படி.”

“என்னடா இது. நான் அடிச்சதுதானே.”

“சத்தமாப் படி அக்கா.”

அக்கா வாசித்தாள். ‘ஒருமனதாக’ வரும்போது சத்தம் இறங்கிவிட்டது.

“அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?”

“கோவத்துல ஏதோ சொன்ன.”

“ஏதோ இல்ல. உனக்கு ஒரு வார்த்தை மறக்காது. என்ன சொன்னேன்னு சொல்லு.”

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். “எனக்குச் சம்மதம் இல்ல. என் எதிர்ப்பப் பதிவு பண்ணுங்க.”

“பண்ணுனியா?”

“உன் வேலை நிக்கணுமேன்னுதாண்டா...”

“பண்ணுனியான்னு கேக்குறேன்.”

“இல்ல.”

மனைவி துணியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். “அண்ணி, அன்னிக்கு வீட்டுக்கு வந்து இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'தோத்துட்டேன், ஆனா எழுதி வெச்சிருக்காங்க, அது போதும்'னாரு. அந்தத் தெம்புல சாப்பிட்டாரு. நீங்கதான் பரிமாறினீங்க. ஒண்ணும் சொல்லாம நின்னீங்களே அண்ணி.”

“எப்படிம்மா சொல்லுவேன்.”

“வேற யார் அடிச்சிருந்தாலும் வரி வரியாப் படிச்சிருப்பேன்” என்றான் தம்பி. “நீ அடிச்சதுன்னு கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன்.”

“இந்தக் கைய என்னடா பண்ணட்டும்” என்று அக்கா கையை நீட்டினாள். “இருபத்தாறு வருஷமா இது அதத்தான் பண்ணுது. யார் கத்தினாலும் துடைச்சுத் துடைச்சுப் பழகிடுச்சு. நீ கத்தினப்பவும் துடைச்சிடுச்சு.”

“நான் கத்தலக்கா. பேசினேன். உனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு.”

அக்கா அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பது மாதிரி அழுதாள். எதிர்வீட்டுக்காரி நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு எழுந்து போய்ப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள்.

“கிழிக்கலையாக்கா?” என்றேன்.

“இவன் பேசினது இருக்கே இதுல. கிழிக்க மனசு வரல.”

கல்விக்குழுவில் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குக் களங்கம் உண்டாக்கினான் என்று தம்பிக்குக் கடிதம் வந்தது. ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு’ என்று தொடங்கி ‘தங்கள் நலம் நாடும்’ என்று முடித்திருந்தார்கள். நடுவில், வேலையை விட்டு நீக்குவதற்கு முன் அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை என்று இருந்தது. வேலை போனால் வீடும் போகும். இப்படிப் பெயர் கெட்டுப் போனவனை வேறு எந்தக் கல்லூரியும் வாசலில் சேர்க்காது.

அக்காவும் தம்பியின் மனைவியும் ஒவ்வோர் உறுப்பினர் வீடாகப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அந்த வாரம் முழுவதும் காற்று நிற்கவில்லை, கண்ணெல்லாம் மண். போன இடமெல்லாம் உட்காரச் சொன்னார்கள், குடிக்கக் கொடுத்தார்கள். உங்க தம்பி மாதிரி ஒரு பையனைப் பார்க்க முடியாது என்றார்கள். அன்னிக்கு என்ன பேசினார்னு சரியா ஞாபகம் இல்லையேம்மா என்றார்கள். வராண்டாவில் அவனிடம் தோளைத் தட்டிச் சொன்னவர் வாசல் வரை வந்து வழியனுப்பி, படியில் இருட்டாக இருக்கும், பார்த்து இறங்குங்கள் என்றார்.

“இவங்க கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளியிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள் மனைவி.

கடைசியாகக் கறார் மேடம் வீடு. உட்காரக்கூடச் சொல்லவில்லை, வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“அவர் எதிர்த்தாரா? கால் மணி நேரம் என் உயிர எடுத்தார். இப்பவும் சொல்றேன், அந்தத் தீர்மானம் சரி. அத நடத்தின விதம் தப்பு. அது வேற சண்டை. எத்தன மணிக்கு விசாரணை?”

“பத்து மணி மேடம்.”

“வர்றேன். நீங்க அந்தக் குறிப்ப எழுதினது கேவலம். அதையும் சொல்லுவேன்.”

“சொல்லுங்க மேடம்” என்றாள் அக்கா. திரும்பி வரும்போது அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் நடை நேராக இருந்தது.

வியாழக்கிழமை பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். அக்கா விசாரணையில் சாட்சி என்பதால் நான்தான் நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிட்டார். ஆனால் முதலில் உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. டீ வரவழைத்தார், பீங்கான் கோப்பையில்.

“சர்க்கரை போதுமா?”

“போதும் சார்.”

“உங்க பொண்ணு இங்கதானே படிக்குது? ரெண்டாம் வருஷமா? நல்லாப் படிக்கட்டும்.” கோப்பையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “அக்கா பாவம். பாசத்துல என்னென்னவோ சொல்றாங்க. யாரும் யாரையும் புண்படுத்தாம இது முடிஞ்சிடணும். அவ்வளவுதான் எனக்கு.”

மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு ரோஷம் வந்திருக்கும். டீ நன்றாக இருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர், அதில் பதிவாளரும் ஒருவர். அதே அறை, அதே கூழாங்கற்கள். மேசையின் ஓரத்தில் நான் நோட்டோடு. அக்கா எதிரில் உட்கார்ந்து அவள் நோட்டை விரித்து வாசித்தாள். தம்பி பேசியது, மேடம் பேசியது, பதிவாளர் சிரித்துக்கொண்டு சொன்னது, எல்லாம் சொல்லுக்குச் சொல்.

“அப்ப நீங்க எழுதின குறிப்பு?” என்றார் குழுவின் மூத்தவர்.

“பொய் சார். இந்த நோட்டுதான் நிஜம்.”

“உங்க வேலை போயிடும்னு தெரியுமா?”

“தெரியும் சார். செஞ்சது நான். அவன் கேட்டத எழுதாம விட்டது நான். அவன விட்டுடுங்க.”

தம்பி எழுந்து, “அக்கா, உக்காரு” என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மேடம் வந்து, வாசலில் எங்களிடம் சொன்னதையே சொன்னாள். அக்கா எழுதியது கேவலம் என்பதையும் சொன்னாள். மூத்தவர் அவள் கையெழுத்தைக் காட்டி, அப்படியானால் இதை ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்றார். “படிக்காமப் போட்டேன். என் தப்பு. எழுதிக்கோங்க” என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. “மேடத்தோட ஞாபகம் ஒரு பக்கம். உறுதியான குறிப்பு ஒரு பக்கம். நோட்ட வாசிக்கிறது அவரோட சொந்த அக்கா. உறவில்லாத யாராவது ஒருத்தர் இதப் பாத்து, இதுல இப்படித்தான் இருக்குன்னு சொன்னா நான் யோசிக்கலாம்.”

“சீலு வாசிப்பா சார்” என்றாள் அக்கா. சட்டென்று அவள் முகம் தெளிந்துவிட்டது. “ஆறு மாசம் இவதான் என் நோட்டப் பாத்து அடிச்சா. குடுங்க அவகிட்ட.”

நோட்டு என் முன்னால் வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. சம்மதம் இல்ல. அடியில் இரண்டு கோடு. என் எதிர்ப்பப் பதிவு பண்ணுங்க. கொக்கி போட்டு, பதிவு பண்ணிடுவோம். தம்பி பேசிய பகுதியின் ஓரத்தில் வட்டம் போட்டிருந்தாள். ஒன்று அல்ல, மூன்று வட்டம். மறுநாள் துடைத்துப் போடப் போகிறவள் அன்றைக்கு உட்கார்ந்து மூன்று வட்டம் போட்டிருக்கிறாள்.

நிமிர்ந்தேன். பதிவாளர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். பயப்படாம சொல்லுங்கம்மா என்றார். எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அந்த அறையில் இத்தனை பேர் என் வாயைப் பார்த்ததில்லை. என் பெண்ணை நினைத்தேனா, டீயை நினைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு பேர் முன்னால் ஒரு பெரிய மனிதர் சொன்னதை இல்லை என்று சொல்ல எப்படி வாயைத் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் நிஜம்.

“சரியா விளங்கலைங்க சார்” என்றேன். “கொஞ்சம் கிறுக்கலா இருக்கு.”

“சீலக்கா” என்றான் தம்பி. மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் குறி கிடையாது.

அக்கா கையை நீட்டினாள். “பரவால்ல, விடு சீலு. குடு நோட்ட.”

கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தாள். நான் என் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். குழு ஒருமனதாக முடிவு செய்தது என்று இருந்தது. தம்பியை நீக்கிவிட்டார்கள். குறிப்பைத் திருத்தி எழுதியதாகத் தானே ஒப்புக்கொண்டதால் அக்காவையும் நீக்கிவிட்டார்கள். மேடம் கல்விக்குழுவை விட்டு விலகினாள், விலகல் கடிதம் ஒரே வரி. முத்திரை எல்லாவற்றிலும் விழுந்தது.

பத்தாவது நாள் வீட்டைக் காலி செய்தார்கள். கட்டிலை மூன்று மாடி இறக்க அவனும் மனைவியும் திணறினார்கள். நான் ஒரு பக்கம் பிடித்தேன், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மனைவி மட்டும் கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஒருத்திதான் என்னை மதித்தாள் என்று எனக்குத் தோன்றியது. வண்டி கிளம்பும் முன் அக்கா மேலே வந்து வீட்டுச் சாவியை என்னிடம் தந்தாள். கூடவே அந்த நோட்டையும் தந்தாள்.

“ஆபீஸ் நோட்டு. ஆபீஸ்லயே இருக்கட்டும்.”

“அக்கா, நான்...”

“உன் பொண்ணு ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்குதுன்னு சொன்னியே, பாத்துக்க” என்றாள். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஒரு வாரம் நான் அதைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பிரிவில் யாரும் இல்லாதபோது திறந்தேன். அந்தக் கூட்டத்துப் பக்கங்கள் முடிந்து அடுத்த பக்கத்தில் விசாரணை இருந்தது. சாட்சி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, வாசிக்காத நேரமெல்லாம் அவள் கை தன்பாட்டுக்கு எழுதியிருக்கிறது. மேடம் வந்து சொன்னது, அதன் ஓரத்தில் ஒரு வட்டம். மேடம் அவளைக் கேவலம் என்றது, அதற்கும் ஒரு வட்டம். மூத்தவர் கேட்டது. சீலு வாசிப்பா என்று அவளே சொன்னது.

அதற்குக் கீழே ஒரு சதுரம். இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கென்று வைத்த குறி, அவள் எழுதி நான் பார்த்தது அப்போதுதான். சதுரத்துக்குப் பக்கத்தில் நான் சொன்னது இருந்தது. துடைக்கவில்லை, மாற்றவில்லை, அப்படியே எழுதியிருந்தாள். ‘சரியா விளங்கலைங்க சார். கொஞ்சம் கிறுக்கலா இருக்கு.’

ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசித்தேன்.